ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன்: சைட்டேஷனையும் ரெஃபரன்ஸ் பட்டியலையும் ஒழுங்கு செய்வது எப்படி?

"கட்டுரை முடிந்துவிட்டது, ரெஃபரன்ஸ் மட்டும்தான் பாக்கி" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கும். அந்த 'மட்டும்தான்' சில நாட்களை விழுங்கிவிடும். காற்புள்ளியா முற்றுப்புள்ளியா, ஆண்டு அடைப்புக்குறிக்குள்ளா வெளியிலா, இதழின் பெயர் சாய்வெழுத்திலா என்று வரிவரியாகக் கையால் திருத்திக்கொண்டே போனால் வேலை முடியாது. அப்படித் திருத்தி அனுப்பிய கட்டுரை நிராகரிக்கப்பட்டு, வேறு இதழுக்கு அனுப்ப வேண்டி வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

உண்மையில் இதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூலத்தையும் பற்றிய விவரங்கள், அதாவது எழுதியவர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் பிழையில்லாமல் இருக்க வேண்டும், இது ஒன்று. அந்த விவரங்களை இதழ் கேட்கும் வடிவத்தில் அடுக்குவது இன்னொன்று. அடுக்கும் வேலையை மென்பொருள் செய்துவிடும். விவரங்களைச் சரிபார்க்க ஆள்தான் வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: அடுக்குவதற்குக் கையால் மல்லுக்கட்டிவிட்டு, விவரங்களை மென்பொருள் தந்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையில் சைட்டேஷன் என்றால் எழுத்தின் நடுவே வரும் குறிப்பு: அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும், அல்லது ஓர் எண். ரெஃபரன்ஸ் என்றால் கடைசியில் வரும் பட்டியலில் உள்ள முழு விவரம். இந்தப் பட்டியலில் நீங்கள் சைட் செய்தவை மட்டுமே வர வேண்டும். படித்தேன், பயன்பட்டது, ஆனால் எங்கும் சுட்டவில்லை என்றால் அதற்கு ஆய்விதழ்க் கட்டுரையில் இடமில்லை.

முதல் படி: இதழ் என்ன கேட்கிறது?

எந்த இதழுக்கு அனுப்பப் போகிறீர்களோ, அதன் தளத்தில் ஆசிரியர்களுக்கான வழிகாட்டி என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ரெஃபரன்ஸ் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். சைட்டேஷன் எண்ணாகவா, பெயர்–ஆண்டாகவா? எத்தனை ஆசிரியர்களுக்குப் பிறகு 'எட் ஆல்' (மற்றும் பிறர்) போட வேண்டும்? இதழ்களின் பெயர் முழுதாகவா, சுருக்கமாகவா? டிஓஐ எண் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) கட்டாயமா? ரெஃபரன்ஸ்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா? குறுங்கட்டுரைகளுக்கும் கடிதங்களுக்கும் பல இதழ்களில் வரம்பு உண்டு. அது தெரியாமல் எழுதிவிட்டுப் பிறகு வெட்டுவது கொடுமை.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் சமர்ப்பிப்புக்கு வடிவம் முக்கியமில்லை, ஒரே சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் இதழ்கள் இப்போது நிறைய. எல்செவியர் வெளியிடும் பல இதழ்களில் இந்தச் சலுகை இருக்கிறது. அப்படி இருந்தால் காற்புள்ளிகளுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவிடாதீர்கள். ஏற்றுக்கொண்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், அதே இதழில் அண்மையில் வந்த ஒரு கட்டுரையை இறக்கி அதன் ரெஃபரன்ஸ் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிப் பக்கங்கள் சில சமயம் பல வருடம் திருத்தப்படாமல் கிடக்கும். இரண்டும் முரண்பட்டால் வழிகாட்டி சொல்வதைச் செய்யுங்கள்; வழிகாட்டி வாய் திறக்காத இடத்தில் அச்சான கட்டுரையைப் பின்பற்றுங்கள்.

வழிகாட்டியில் 'ஹார்வர்ட் முறை' என்று மட்டும் போட்டிருந்தால் எச்சரிக்கை. ஹார்வர்ட் என்பது ஒரே விதிநூல் உள்ள முறை இல்லை. பெயரும் ஆண்டும் போட்டு எழுதும் எல்லா வகைக்கும் அது பொதுப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், இதழுக்கு இதழ் மாறும். அந்த இதழின் ஹார்வர்ட் எப்படி இருக்கிறது என்பதை அச்சான கட்டுரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மற்ற முறைகளில் விதிநூலின் பதிப்பைக் கவனிக்க வேண்டும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையின் 7ஆம் பதிப்பு 2019இல் வந்தது, எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) 9ஆம் பதிப்பு 2021இல், சிகாகோ (சிகாகோ பல்கலைக்கழக அச்சகம்) 18ஆம் பதிப்பு 2024இல். பழைய பதிப்பை வைத்து எழுதிய குறிப்புகள் இணையத்தில் இன்னும் சுற்றுகின்றன. நூல் ரெஃபரன்ஸில் பதிப்பக ஊரின் பெயரை எழுதச் சொல்லும் ஏபிஏ குறிப்பு கண்ணில் பட்டால் அது பழையது. 7ஆம் பதிப்பில் ஊர் கிடையாது.

முறைகள் எப்படி வேறுபடுகின்றன?

எல்லா முறைகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் மென்பொருள் தந்தது சரியா என்று பார்க்கும் அளவுக்குக் கண் பழக வேண்டும். டிஎன்ஏ வடிவத்தை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். வரிசையும் நிறுத்தக்குறியும் தெரிவதற்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

ஏபிஏ முறையில்:
வாட்சன், ஜே. டி., & கிரிக், எஃப். எச். சி. (1953). மாலிக்யுலர் ஸ்ட்ரக்சர் ஆஃப் நியூக்ளிக் ஆசிட்ஸ்: எ ஸ்ட்ரக்சர் ஃபார் டீஆக்ஸிரைபோஸ் நியூக்ளிக் ஆசிட். நேச்சர், 171(4356), 737–738.

வான்கூவர் முறையில்:
1. வாட்சன் ஜேடி, கிரிக் எஃப்எச்சி. மாலிக்யுலர் ஸ்ட்ரக்சர் ஆஃப் நியூக்ளிக் ஆசிட்ஸ்: எ ஸ்ட்ரக்சர் ஃபார் டீஆக்ஸிரைபோஸ் நியூக்ளிக் ஆசிட். நேச்சர். 1953;171(4356):737-8.

ஐஇஇஇ (மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பு) முறையில் [1] என்று சதுர அடைப்பில் எண் வரும். முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால் வரும். கட்டுரைத் தலைப்பு இரட்டை மேற்கோள் குறிக்குள் வரும். ஆண்டு கடைசிக்குத் தள்ளிப் போய்விடும்.

மூன்றிலும் விவரம் ஒன்றுதான். ஏபிஏவில் ஆண்டு பெயருக்கு அடுத்து நிற்கிறது, ஏனென்றால் எழுத்தின் நடுவே வாசகர் பார்ப்பது பெயரையும் ஆண்டையும்தான். பட்டியலில் அதைத் தேடிப் பிடிக்க அதுவே வசதி. வான்கூவரில் வாசகர் எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறார், அதனால் ஆண்டு எங்கே இருந்தாலும் கவலையில்லை. 1978இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழ் ஆசிரியர்கள் வகுத்த நெறிகளிலிருந்து வளர்ந்த முறை இது. இடத்தை மிச்சம் பிடிப்பது அதன் குணம்: முதலெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை, பக்க எண்ணில் திரும்ப வரும் இலக்கங்களும் இல்லை. 737-8 என்பதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

'எட் ஆல்' விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். ஏபிஏ 7ஆம் பதிப்பில் மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதிய கட்டுரை என்றால், சைட்டேஷனில் முதல் முறையே முதல் பெயரும் 'எட் ஆல்' என்பதும் போதும். ஆனால் பட்டியலில் 20 பேர் வரை எல்லாப் பெயரையும் எழுத வேண்டும். வான்கூவரைப் பின்பற்றும் இதழ்கள் பலவற்றில் பட்டியலில் முதல் ஆறு பெயர், பிறகு 'எட் ஆல்'. சில இதழ்கள் மூன்றோடு நிறுத்தச் சொல்லும். இதைத்தான் வழிகாட்டியில் முதலிலேயே தேடச் சொன்னேன்.

எண் முறையில் புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் அட்டவணை. எண்கள் முதலில் தோன்றும் வரிசையில் போக வேண்டும் என்பது தெரியும். அட்டவணைக்குள் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு எந்த எண்? அட்டவணை கோப்பின் கடைசியில் ஒட்டியிருந்தாலும், 'அட்டவணை 1 பார்க்க' என்று எழுத்தில் முதன்முதலாக எங்கே வருகிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் எண் கொடுக்க வேண்டும். மென்பொருள் இதைத் தானாகச் செய்யாது. கோப்பில் அட்டவணை இருக்கும் இடத்தைத்தான் அது பார்க்கும். ஆகவே எழுதும்போது அட்டவணையை அதைக் குறிப்பிடும் பத்திக்குக் கீழேயே வைத்திருங்கள்.

விவரங்களைச் சேகரிப்பது

ரெஃபரன்ஸ் விவரங்களைச் சேமித்து அடுக்கித் தரும் மென்பொருள்களில் ஸோடெரோ, மெண்டலே, எண்ட்நோட் மூன்றும் பரவலாகப் பயன்படுபவை. லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதுபவர்களுக்கு ஜேப்ரெஃப் இருக்கிறது. உங்கள் வழிகாட்டியாளரும் சக ஆய்வாளர்களும் ஏற்கெனவே ஒன்றைப் பயன்படுத்தினால் அதையே எடுங்கள். இல்லையென்றால் ஸோடெரோவில் தொடங்கலாம் என்பது என் கருத்து. அது இலவசம், திறந்த மூல மென்பொருள், அதற்கென உள்ள களஞ்சியத்தில் 10,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. உங்கள் இதழின் பெயரைத் தட்டினால் அதன் வடிவம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மென்பொருளை நிறுவிவிட்டு உலாவிக்கான இணைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையைச் சேமிக்கும்போது பதிப்பாளரின் தளத்தில் அந்தக் கட்டுரையின் சொந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேமியுங்கள். கூகுள் ஸ்காலரின் தேடல் பக்கத்திலிருந்தோ யாரோ அனுப்பிய பிடிஎஃப் கோப்பிலிருந்தோ சேமித்தால் அரைகுறை விவரம் வர வாய்ப்பு அதிகம். டிஓஐ எண் கையில் இருந்தால் இன்னும் எளிது: அந்த எண்ணை மட்டும் கொடுத்தால் மென்பொருள் விவரங்களை இழுத்துக்கொள்ளும். 10 என்று தொடங்கி, புள்ளியும் சாய்கோடும் கலந்து வரும் எண்தான் டிஓஐ. பதிப்பாளரின் தளம் மாறினாலும் அது கட்டுரையைக் காட்டிக் கொடுக்கும்.

சேமித்த கையோடு அந்தப் பதிவைத் திறந்து பாருங்கள். இந்த இடத்தில் சோம்பல் பட்டால் கடைசியில் மொத்தமாக அழ வேண்டியிருக்கும். வழக்கமாக வரும் கோளாறுகள் இவை.

ஆங்கிலத் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் வந்திருக்கும். அதை மாற்றி, முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும்படி வையுங்கள். எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று கேட்கும் முறைக்கு மென்பொருளே மாற்றிக் கொடுக்கும். திரும்பி வருவதுதான் கஷ்டம்: எது சிறப்புப் பெயர், எது சாதாரணச் சொல் என்று அதற்குத் தெரியாது. லேடெக்கோடு சேர்ந்து இயங்கும் ரெஃபரன்ஸ் கருவியான பிப்டெக் பயன்படுத்துபவர்களுக்கு எதிர்த்திசைத் தொல்லை. அதன் பல வடிவங்கள் தலைப்பைச் சிறிய எழுத்தாக்கும்போது டிஎன்ஏ போன்ற சுருக்கங்களையும் சேர்த்துச் சிறியதாக்கிவிடும். அந்தச் சொற்களைச் சுருள் அடைப்புக்குள் வைத்தால் பிழைக்கும்.

நிறுவனம் எழுதிய அறிக்கை என்றால் ஆசிரியர் பெயரை ஒரே கட்டத்தில் இடுங்கள். இல்லையென்றால் உலக சுகாதார நிறுவனம் பட்டியலில் 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்று ஒரு தனி மனிதராக வந்து நிற்கும். இதைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் கட்டுரையை மதிப்பிடுபவர் சிரிக்க மாட்டார்.

மனிதர்களின் பெயரிலும் கவனம் வேண்டும். ஸ்பானியப் பெயர்களில் இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கலாம்; கடைசிச் சொல்லை மட்டும் பிடித்து அகர வரிசையில் போட்டால் தவறு. சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரலாம். குடும்பப் பெயரே இல்லாதவர்களும் உண்டு. ஊகிக்க வேண்டாம்: பல இதழ்களில் கட்டுரையின் முதல் பக்கத்திலோ இணையப் பக்கத்திலோ 'இக்கட்டுரையை இப்படிக் குறிப்பிடுக' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஆசிரியரின் பெயரை அங்கே எப்படிப் பிரித்திருக்கிறார்களோ அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலத்தின் வகையையும் பாருங்கள். தொகுப்பு நூலில் ஒரு கட்டுரை, 'நூல்' என்று சேமிக்கப்பட்டிருந்தால் தொகுப்பாசிரியர் பெயரும் பக்க எண்ணும் பட்டியலில் வரவே வராது. இணையத்தில் மட்டும் வரும் இதழ்களில் பக்க எண்ணுக்குப் பதில் கட்டுரை எண் இருக்கும். பக்கத்தைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்காமல் அந்த எண்ணை இடுங்கள்.

எழுதும்போது

வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ சைட்டேஷனைக் கையால் தட்டாதீர்கள், ஒரு முறைகூட. மென்பொருளின் பட்டன் வழியாகவே செருகுங்கள். கையால் தட்டிய ஒன்றே ஒன்று நடுவில் இருந்தாலும் எண் முறையில் வரிசை குலைந்துவிடும், அதைக் கண்டுபிடிக்கவும் நேரமாகும். மூலம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அந்த இடத்தில் மஞ்சள் வண்ணம் பூசி 'மூலம் தேவை' என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.

எங்கே செருகுவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு வாக்கியத்தில் இரண்டு கூற்றுகள், இரண்டுக்கும் வெவ்வேறு மூலம் என்றால், அந்தந்தக் கூற்றின் பக்கத்திலேயே அதனதன் சைட்டேஷன் வரட்டும். வாக்கியத்தின் கடைசியில் ஐந்தை மொத்தமாகக் கொட்டினால் எது எதற்கு என்று வாசகருக்குத் தெரியாது. பத்தியின் முடிவில் ஒரே ஒரு சைட்டேஷன் போட்டு முழுப் பத்தியையும் அதன் தலையில் கட்டுவதும் சரியில்லை. மூலத்தின் சொற்களை அப்படியே எடுத்தாண்டால் பெயர்–ஆண்டு முறையிலும் பக்க எண்ணைச் சேர்க்க வேண்டும்.

கூட்டாக எழுதும்போது எல்லோரும் ஒரே மென்பொருளையும் பகிர்ந்த ஒரே தொகுப்பையும் பயன்படுத்துங்கள். ஒருவர் மெண்டலேயில் செருக, இன்னொருவர் ஸோடெரோவில் செருக, ஒரே கட்டுரை பட்டியலில் இரண்டு முறை வந்து நிற்கும். 2018அ, 2018ஆ என்று ஒரே ஆண்டைப் பிரிக்கும் குறி காரணமில்லாமல் முளைத்தால் பெரும்பாலும் இந்த இரட்டைப் பதிவுதான் காரணம்.

சாதாரணக் கட்டுரை அல்லாதவை

முன்பதிப்பை, அதாவது இதழின் மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் வெளியிட்ட கட்டுரையை, சைட் செய்யலாம், ஆனால் அனுப்பும் முன் அது முறையாக எங்காவது வெளிவந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் வெளிவந்த வடிவத்தைப் படித்து, நீங்கள் எடுத்தாண்ட எண்ணும் கருத்தும் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, அதையே சுட்டுங்கள். தரவுத் தொகுப்பும் மென்பொருளும் பட்டியலில் இடம்பெறத் தகுதி உள்ளவைதான். மென்பொருள் என்றால் பதிப்பு எண்ணை விடாதீர்கள். இணையப் பக்கத்துக்கு வான்கூவர் முறை நீங்கள் பார்த்த நாளைக் கேட்கும். ஏபிஏ, அடிக்கடி மாறும் பக்கங்களுக்கு மட்டும் கேட்கும். நேர்ப்பேச்சும் மின்னஞ்சலும் ஏபிஏவில் எழுத்தின் நடுவே மட்டும் வரும், பட்டியலில் வராது.

மூலத்தைப் படிக்காமல், இன்னொருவர் அதைப் பற்றி எழுதியதை வைத்துச் சைட் செய்வது பெரிய வியாதி. முடிந்தவரை மூலத்தைத் தேடிப் படியுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் யார் வழியாகத் தெரிந்துகொண்டீர்களோ அவரை வெளிப்படையாகச் சுட்டுங்கள். ஏபிஏவில் அதற்கு முறை இருக்கிறது, பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டும் வரும்.

இல்லாத கட்டுரையைச் சைட் செய்வது எப்படி நடக்கும் என்று தோன்றலாம். எல்செவியரின் மாதிரிக் கோப்புகளில் ரெஃபரன்ஸ் வடிவத்தைக் காட்ட, 2000ஆம் ஆண்டு என்று போட்டு ஒரு கற்பனைக் கட்டுரை கொடுக்கப்பட்டிருந்தது. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஆய்வாளர் ஆன்-வில் ஹார்ஸிங் 2017இல் அதைப் பற்றி எழுதியபோது, 400க்கு நெருக்கமான கட்டுரைகள் அதைச் சைட் செய்திருந்தன. மாதிரிக் கோப்பின் மேலேயே எழுதிவிட்டு, அதிலிருந்த மாதிரி வரியை அழிக்க மறந்தவர்கள் நிறைய என்பதே பொருத்தமான விளக்கம். மாதிரிக் கோப்பில் எழுதுபவர்கள் பட்டியலின் முதல் சில வரிகளைக் கட்டாயம் பாருங்கள்.

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் ரெஃபரன்ஸ் கேட்டால், பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் கச்சிதமாக உள்ள, ஆனால் உலகில் இல்லாத கட்டுரைகளைத் தரக்கூடும். 2023இல் நியூயார்க்கில் இப்படிக் கிடைத்த போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தேடலுக்கு ஒரு துப்பாக அவற்றை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் திறந்து பார்க்காத எதுவும் பட்டியலுக்குள் வரக்கூடாது.

அனுப்புவதற்கு முன்

பட்டியலை அச்செடுத்தோ தனிச் சாளரத்தில் வைத்தோ கட்டுரையை மேலிருந்து கீழே ஒரு முறை படியுங்கள். ஒவ்வொரு சைட்டேஷனுக்கும் பட்டியலில் இணை இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எழுத்தில் வருகிறதா, பெயரின் எழுத்துக்கூட்டும் ஆண்டும் இரண்டு இடத்திலும் ஒன்றா? மென்பொருளைப் பயன்படுத்தியிருந்தால் இது சீக்கிரம் முடிந்துவிடும்.

டிஓஐ விடுபட்டவற்றுக்கு, அந்த எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தளத்தில் இலவசத் தேடல் இருக்கிறது. பட்டியலை அப்படியே ஒட்டினால் கிடைக்கும் எண்களைத் தரும். பிறகு ஒவ்வொரு டிஓஐயையும் சொடுக்கிப் பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் வேறு கட்டுரைக்குப் போகும் டிஓஐ இதில் மட்டும்தான் அகப்படும்.

வெளிவந்த பிறகு செல்லாது என்று இதழால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை எதுவும் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் லான்செட்டில் வந்த கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகும் அது சைட் செய்யப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஸோடெரோ இப்படிப்பட்ட பதிவுகளுக்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023இல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டதால் அங்கேயும் தேடலாம். அப்படிப்பட்ட கட்டுரையைப் பற்றியே பேச வேண்டியிருந்தால், அது திரும்பப் பெறப்பட்டது என்று எழுத்திலும் பட்டியலிலும் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கோப்பை இரண்டு பிரதியாக வையுங்கள். ஒன்று மென்பொருள் இணைப்போடு உங்களிடம் இருக்கட்டும். மற்றொன்றில் இணைப்பைத் துண்டித்து, வெறும் எழுத்தாக மாற்றி இதழுக்கு அனுப்புங்கள். சில சமர்ப்பிப்புத் தளங்களில் இணைப்புள்ள கோப்பு பிடிஎஃப் ஆகும்போது குளறுபடி ஆகும். மதிப்பீடு முடிந்து திருத்தச் சொன்னால் இணைப்புள்ள பிரதியில்தான் திருத்த வேண்டும். வேறு இதழுக்குப் போக வேண்டியிருந்தாலும் அதில் வடிவத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு மெய்ப்பு (வெளியிடும் முன் சரிபார்க்க அனுப்பும் பிரதி) வரும்போது ரெஃபரன்ஸ் பற்றி ஆசிரியருக்கான கேள்விகள் சில இருக்கும்: 'ரெஃபரன்ஸ் 14 எழுத்தில் எங்கும் வரவில்லை', 'ரெஃபரன்ஸ் 22க்குப் பக்க எண் தருக' என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். இந்தக் கட்டத்தில் எண் முறையில் ஒரு ரெஃபரன்ஸை நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்களும் நகரும், அட்டவணைக்குள் இருப்பவை உட்பட. ஆகவே நீங்களாக நீக்காமல், எந்த எண்ணை நீக்க வேண்டும், அது எழுத்தில் எங்கெங்கே வருகிறது என்று தயாரிப்புப் பிரிவுக்கு எழுதித் தெரிவியுங்கள். அவர்கள் மாற்றித் தரும் மெய்ப்பை இன்னொரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.